ஓரிணைய அமீனுக்குத்தானே கொதிநிலை அதிகம்? விடை இடிக்கிறது, உதவுங்கள்

பிளஸ் டூ மாணவி:
வணக்கம். கரிம நைட்ரஜன் சேர்மங்கள் பாடத்தில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். நாளை மறுநாள் திருப்புதல் தேர்வு. பியூட்டைலமீன், டைஎத்திலமீன், எத்தில்டைமெத்திலமீன், மூவிணைய பியூட்டைலமீன், இந்த நான்கு அமீன்களையும் (நைட்ரஜனில் கார்பன் தொகுதி ஒட்டிய சேர்மங்கள்) கொதிநிலை ஏறுவரிசையில் எழுத வேண்டும். நான்கிலும் கார்பன் 4, ஹைட்ரஜன் 11, நைட்ரஜன் 1. மூலக்கூறு நிறையும் ஒன்றே, 73.

ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்று போகப் போகக் கொதிநிலை குறையும் என்று படித்திருக்கிறேன். அதனால் மூவிணைய பியூட்டைலமீனை எல்லாவற்றுக்கும் கீழே தள்ளினேன். தோழி அது ஓரிணைய அமீன்தான் என்றாள். சரி என்று டைஎத்திலமீனுக்கு மேலே தூக்கி வைத்தேன். அதுவும் தப்பாம். விடைத்தாளில் அது எத்தில்டைமெத்திலமீனுக்கும் டைஎத்திலமீனுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கே சறுக்கினேன்?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
தோழி சொன்னது சரிதானம்மா. 'மூவிணைய' என்ற சொல் அந்தப் பெயரில் அமீனைக் குறிக்கவில்லை, பியூட்டைல் தொகுதியைக் குறிக்கிறது. ஆல்கஹாலில் ஓஎச் ஒட்டியிருக்கும் கார்பனைப் பார்த்து வகை பிரிக்கிறோம். அமீனில் நைட்ரஜனைப் பார்க்க வேண்டும், அதில் எத்தனை கார்பன் ஒட்டியிருக்கிறது என்று. ஒன்று என்றால் ஓரிணையம், இரண்டு ஈரிணையம், மூன்று மூவிணையம். அதே எலும்புக்கூட்டில் ஓஎச் இருந்தால் மூவிணைய ஆல்கஹால், அதை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தால் ஓரிணைய அமீன். பல வருடம் பாடம் நடத்தியதில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இந்த இடத்தில் மதிப்பெண்ணை விட்டிருக்கிறார்கள்.

ஐயுபிஏசி பெயரை, அதாவது உலகப் பொது விதிப்படி வைக்கும் முறைப்பெயரை, எழுதிப் பழகு, குழப்பம் வராது. இது 2-மெத்தில்புரப்பேன்-2-அமீன். பெயரில் 'என்' என்ற நைட்ரஜன் எழுத்தே இல்லை, எனவே ஓரிணையம். டைஎத்திலமீன் என்பது என்-எத்தில்எத்தனமீன். ஒரு 'என்', ஈரிணையம். எத்தில்டைமெத்திலமீன் என்பது என்,என்-டைமெத்தில்எத்தனமீன். இரண்டு 'என்', மூவிணையம். உன் கணக்கில் இருப்பது போன்ற எளிய அமீன்களுக்கு இது போதும்.

இப்போது கொதிநிலைகள். பியூட்டைலமீன் 78 டிகிரி செல்சியஸ், டைஎத்திலமீன் 56, நீ தேடும் ஆள் 46, எத்தில்டைமெத்திலமீன் 37. நீ படித்த விதி பொய்யில்லை. நைட்ரஜனில் ஹைட்ரஜன் குறையக் குறைய, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் குறைகிறது. கார்பன் சங்கிலி கிளைக்காமல் இருக்கும்போது அது நன்றாகவே பொருந்தும். மூவிணைய பியூட்டைல் தொகுதியோ பந்து மாதிரி உருண்டு திரண்டது. பக்கத்து மூலக்கூறோடு உரசும் பரப்பு குறைவு, அதனால் வாண்டர்வால்ஸ் விசையும் (மூலக்கூறுகளுக்கு இடையேயான மெல்லிய ஈர்ப்பு) குறைவு. போதாததற்கு மூன்று மெத்தில்கள் நைட்ரஜனை நெருக்கிக்கொண்டு நிற்பதால், மற்ற மூலக்கூறு நெருங்கி வந்து ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதும் சிரமம். ஆல்கஹாலிலும் இதையே பார்க்கலாம். பியூட்டன்-1-ஆல் 118, மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் 82.

ஒன்று சொல்ல வேண்டும். 46-ஆ 56-ஆ என்று விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிக்க முடியாது. இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கும்போது எது வெல்லும் என்று அளவீடுதான் சொல்லும். எண்களைக் கொடுத்துவிட்டுக் காரணம் கேட்பதுதான் நியாயமான கேள்வி.

பிளஸ் டூ மாணவி:
ரொம்ப நன்றி ஐயா. இன்னும் இரண்டு இடிக்கிறது. மெத்திலமீன் மைனஸ் 6, டைமெத்திலமீன் 7, டிரைமெத்திலமீன் 3. ஏறிவிட்டு ஏன் இறங்குகிறது? அப்புறம், டிரைமெத்திலமீனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பே கிடையாது என்றால் அது நீரில் எப்படிக் கரைகிறது?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
இவை மாற்றியங்கள் (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) அல்ல என்பதை முதலில் கவனி. நிறை 31, 45, 59. முதல் படியில் நிறை 14 கூடுகிறது, நைட்ரஜனில் இருந்த ஹைட்ரஜன் ஒன்று போகிறது. இன்னொன்று மிச்சம் இருப்பதால் நிறையின் கை ஓங்கி 13 டிகிரி ஏறுகிறது. அடுத்த படியிலும் அதே 14 கூடுகிறது. ஆனால் கடைசி ஹைட்ரஜனும் போய்விட்டது, 4 டிகிரி இறங்குகிறது. அந்த ஒற்றை ஹைட்ரஜனுக்கு எவ்வளவு மதிப்பு, பார்த்தாயா?

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. டிரைமெத்திலமீனிடம் கொடுக்கத்தான் ஹைட்ரஜன் இல்லை, வாங்கிக்கொள்ள முடியும். நைட்ரஜனின் மூன்று பிணைப்புகளும் பிரமிடின் மூன்று விளிம்புகள் மாதிரி கீழே விரிந்திருக்கும், நான்முகியின் நான்காவது மூலையில் தனித்த இரட்டை எலக்ட்ரான் இருக்கும். நீரின் ஹைட்ரஜன் அதைப் பிடித்துக்கொள்ளும். தனக்குள் பிணைப்பு இல்லை, நீரோடு உண்டு. அதனால் நன்றாகவே கரையும்.

எங்களிடம் மெத்திலமீன் 40 சதவீத நீர்க்கரைசலாக வரும். சுத்தமான மெத்திலமீன் அறை வெப்பத்தில் வாயு அல்லவா, அதனால் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்த பிறகே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் திறப்போம். அப்படியும் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு மூச்சு விடும். பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் திறந்திருந்தால் நடுவில் வெள்ளைப் புகை எழும். அது மெத்திலமோனியம் குளோரைடு உப்பு. மேடையில் சொட்டு சிந்தினால் நீர்த்த அமிலத்தால் துடைப்போம், நாற்றம் போய்விடும். உப்பு ஆவியாகாதே. கடல்மீன் கவிச்சியில் இருப்பதும் டிரைமெத்திலமீன்தான், மீன் குழம்பில் புளி செய்வதும் இதே வேலைதான்.

பிளஸ் டூ மாணவி:
புளிக்குப் பின்னால் இது இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும் அண்ணா. அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

கார்பன் மூன்று உள்ள அமீன்களை நானே போட்டுப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள். டிரைமெத்திலமீன், புரப்பேன்-2-அமீன், என்-எத்தில்மெத்தனமீன், புரப்பேன்-1-அமீன். இது ஏறுவரிசை. கிளைத்த ஓரிணையத்தை ஈரிணையத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
வரிசை சரி. 3, 32, 37, 48. ஆனால் 32-க்கும் 37-க்கும் இடைவெளி சின்னது, அங்கே எண்ணைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லாதே. மூன்றாவதன் பெயரை மட்டும் திருத்து. நீண்ட சங்கிலிதான் தாய்ப்பெயர், குட்டைத் தொகுதி 'என்' போட்டு முன்னால் வரும். என்-மெத்தில்எத்தனமீன்.