பஞ்சர் ஆகாத சைக்கிள்

குழு: அம்மாச்சி வீடு, பர்மா (பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடியே)

சனி, 6 ஜூலை 2019

அத்தை, காலை 7:12
(படம்)
எல்லோரும் பாருங்கள். பாப்பாவுக்கு நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு காசு வாங்கவில்லை. ராத்திரி முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், தூங்கவே இல்லை.

அம்மா, 7:15
அடி ஆத்தி! மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கிறதே. முதலில் திருஷ்டி சுற்றிப் போடு.

சிங்கப்பூர் அண்ணன், 7:31
அத்தை, கைப்பிடிப் பக்கம் கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அத்தை, 7:34
(படம்)

சிங்கப்பூர் அண்ணன், 7:35
நினைத்தேன்! இது ஓஃபோ, வாடகை சைக்கிள். பூன் லே ரயில் நிலையத்திலிருந்து நான் தங்கியிருந்த இடத்துக்கு ரெண்டு வருடம் இதில்தான் போனேன். போனில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். இறங்குகிற இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். எங்கே பார்த்தாலும் மஞ்சளாகக் கிடக்கும், சில நேரம் சாக்கடைக்குள்ளே கூட.

சைக்கிள் மாமா, 7:40
நீ ஓட்டிய அதே சைக்கிளா என்று தெரியாது மாப்பிள்ளை. ஆனால் எவனோ நன்றாக மிதித்திருக்கிறான். இடது பெடல் ரப்பர் மொட்டை.

சிங்கப்பூர் அண்ணன், 7:41
நான் வலது கால் ஆள். என் மேல் போடாதீர்கள் 😄

சென்னை சித்தப்பா, 8:05
அதெல்லாம் சரி, யார் கொடுத்தது? அரசாங்கமா, கட்சியா? எலெக்‌ஷன் ஏதும் வருகிறதா?

நான், 8:20
அரசாங்கம் இல்லை சித்தப்பா. லெஸ்வாக் என்று ஓர் அமைப்பு, இந்த வருடம்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். மைக் தான் துன் வின் என்பவர் நடத்துகிறார். சிங்கப்பூரில் வளர்ந்து, பர்மாவுக்குத் திரும்பி வந்து கம்பெனி நடத்துபவர். விமான டிக்கெட் போடுகிற ஃப்ளைமியா இருக்கிறதே, அது அவர் தொடங்கியதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை சைக்கிள் கம்பெனிகள் கைவிட்டவற்றில் 10,000 சைக்கிள்களை வாங்கியிருக்கிறார். தன் பணம் பாதி, நன்கொடை பாதி என்று ஓடுகிறது. இங்கே கொண்டுவந்து, அந்தப் போன் பூட்டைக் கழற்றி, பின்னால் இன்னோர் ஆள் உட்கார சீட் வைத்துக் கொடுக்கிறார்கள்.

நான், 8:21
13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் 2 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

சென்னை சித்தப்பா, 8:26
இங்கே தமிழ்நாட்டில் அரசாங்கமே கொடுக்கிறது. 2001 வாக்கில் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்து, அப்புறம் பிளஸ் ஒன் படிக்கிற எல்லோருக்கும் ஆக்கினார்கள். அதில் ஓட்டு கிடைக்கும், புரிகிறது. இந்த ஆளுக்கு என்ன கிடைக்கும்?

நான், 8:27
பிள்ளைகள் நடப்பது குறையும்.

சென்னை சித்தப்பா, 8:27
அதைக் கேட்கவில்லை. அவனுக்கு?

சைக்கிள் மாமா, 8:30
மச்சான், வ்யாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் பார்க்காதீர்கள். எங்களுக்குச் சைக்கிள் கிடைத்தது. அவ்வளவுதான்.

சிங்கப்பூர் அண்ணன், 9:02
சித்தப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதை இப்படிப் பாருங்கள். ஓபைக் கம்பெனி போன வருடம் ஜூனில் சிங்கப்பூரில் கடையைக் கட்டியது. முன்பணம் 49 டாலர் கட்டியவர்கள் அலைந்தார்கள். ஓஃபோவின் லைசென்ஸ் இந்த ஏப்ரலில் ரத்து. மோபைக்கும் நாங்கள் போகிறோம் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன, பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டியவை. அதைப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுக்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை, தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

அம்மாச்சி (பொடியன் தட்டுகிறான்), 9:40
அப்பத்தா சொல்லச் சொல்கிறது: லெஸ்வாக் என்றால் என்ன அர்த்தம்?

நான், 9:41
குறைத்து நட என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மாச்சி.

அம்மாச்சி (பொடியன் தட்டுகிறான்), 9:52
அப்பத்தா சிரிக்கிறது. சொல்கிறது: ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து எல்லோரும் இந்தியாவுக்கு நடந்தார்கள். 1942. நான் எங்கள் அய்யா தோளில். புரோம் வரை போனோமாம், அங்கே வாந்திபேதி. ஆட்கள் ரோட்டோரம் கிடந்தார்களாம். எங்கள் ஆத்தா, செத்தாலும் பழகிய ஊரில் சாவோம், திரும்பு என்று அய்யாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதனால்தான் நீங்களெல்லாம் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஆள் அப்போதே பிறந்திருக்கக் கூடாதா?

அம்மாச்சி (பொடியன் தட்டுகிறான்), 9:53
இதைத் தட்ட எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. எனக்கும் ஒரு சைக்கிள் வேண்டும்.

அத்தை, 9:55
உனக்கு ஒன்பது வயது. போய்ப் படி.

சைக்கிள் மாமா, மதியம் 2:18
சரி, இப்போது உள்ளதைச் சொல்கிறேன். கடையில் கூட்டம் இல்லை, மழை. அந்த மஞ்சளைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு சாமானைக் கையில் எடுத்ததில்லை.

ஒன்று, டயரில் காற்றே கிடையாது. முழு ரப்பர். பக்கவாட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அதுதான் மெத்தென்று கொடுப்பதற்கு. ஆணி குத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆக என் பஞ்சர் வேலை போச்சு. ஆனால் நம் ஊர் செம்மண் ரோட்டில் குழிக்குக் குழி இடுப்பு எண்ணும்.

ரெண்டு, நட்டுகள். சாதாரண ஸ்பேனர் உட்காராது. யாரும் கழற்றித் திருடக் கூடாது என்று வேறு மாதிரி தலை வைத்திருக்கிறான். சீட்டுக் கம்பியை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாது. பாப்பாவுக்குச் சரியாக இருக்கிறது, அடுத்த வருடம் வளர்ந்தால் முட்டி இடிக்கும்.

மூன்று, நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். நடுவில் பார் கம்பி இல்லை, தாழ்ந்திருக்கிறது. பச்சை லுங்கியைத் தூக்கிச் சுருட்ட வேண்டியதில்லை, பெண் பிள்ளைகள் அப்படியே ஏறலாம். முன்னால் கூடையில் டிபன் கேரியர் ஆடாமல் நிற்கிறது.

அம்மா, 2:25
லுங்கி விஷயம்தான் முக்கியம் தம்பி. நான் படிக்கும்போது அப்பாவின் பார் சைக்கிளில் ஏறப் போய் லுங்கி அவிழ்ந்து ஊரே சிரித்தது. அன்றைக்கு விட்டதுதான் சைக்கிள்.

சைக்கிள் மாமா, 2:26
அக்கா, அந்தக் கதையை நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்.

சிங்கப்பூர் அண்ணன், 2:40
மாமா, வெள்ளி நிறத்தில் ஆரஞ்சு சக்கரம் வைத்தது ஏதாவது வந்ததா?

சைக்கிள் மாமா, 2:44
எதிர் வீட்டுப் பையனுக்கு அதுதான். அதைப் பற்றித்தான் அடுத்து எழுத வந்தேன். செயினைத் தேடுகிறேன் தேடுகிறேன், காணோம்! கழன்று விழுந்துவிட்டதோ என்று பையன் அழாத குறை. அப்புறம்தான் தெரிந்தது, உள்ளே ஷாஃப்ட் ஓடுகிறது. லாரிக்கு அடியில் ஓடுகிறதே, அதே மாதிரி, பல்சக்கரம் ரெண்டு பக்கமும். சைக்கிளில் இதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அரை மணி நேரம் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சிங்கப்பூர் அண்ணன், 2:46
அது மோபைக். முதலில் வந்த மாடல். 25 கிலோ பக்கம் வரும்.

சைக்கிள் மாமா, 2:47
கனம் தெரிகிறது. மழைச் சேற்றில் அந்தப் பையன் அதை ஓட்டவில்லை, அதுதான் அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பல்சக்கரம் தேய்ந்தால் மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? ரங்கூன் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள்.

சென்னை சித்தப்பா, 3:10
இதைத்தான் நான் காலையிலேயே கேட்டேன். கொடுப்பவன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆறு மாதத்தில் எல்லாம் கோழி அடைகிற கூடு ஆகும்.

நான், 3:14
10,000 சைக்கிளை வாங்கி, கப்பல் ஏற்றி, சுங்கம் கட்டி, சீட் வைத்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் இறக்குவது படம் எடுக்கிற வேலையா சித்தப்பா? கோபப்படாதீர்கள், கேட்கிறேன்.

சென்னை சித்தப்பா, 3:20
கோபம் இல்லை தாயி. 1964 இல் பர்மாவை விட்டுக் கப்பலில் இங்கே வந்து இறங்கிய அன்றும் நிறையப் பேர் வந்து நிறையச் சொன்னார்கள். அதனால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அம்மா, 3:22
விடுங்கள் தம்பி. காபி குடியுங்கள்.

ஞாயிறு, 7 ஜூலை

அத்தை, காலை 8:30
ஒரு பஞ்சாயத்து. பாப்பா நேற்றிலிருந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவளே எழுதுகிறாளாம்.

அத்தை, 8:38
மதினி, நான் பாப்பா. வயல் பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணு இருக்கிறாள் இல்லையா, அவளுக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை. அவளுக்குப் 12 வயதுதான். ஆனால் அவள் வீடு 3 கிலோமீட்டர். வரப்பு மேல் நடந்து வருவாள், மழைக் காலத்தில் லுங்கி முட்டி வரை சேறு. டீச்சர் வகுப்புக்கு வெளியே நின்று கால் கழுவச் சொல்வார். எனக்கு ரோடு வழி 2 கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதினார்கள். கோயில் பின்னால் குறுக்கு வழியில் போனால் ஒன்றரைதான். அப்பத்தா அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

அம்மாச்சி (பொடியன் தட்டுகிறான்), 8:41
அப்பத்தா சொல்கிறது: உண்மையைச் சொன்னேன்.

நான், 8:45
நீ ஏமாற்றவில்லை பாப்பா. சைக்கிள் குறுக்கு வழியில் போகாது, அதனால் ரோடு கணக்குத்தான் சரி. பட்டியல் எடுக்கிறவர்கள் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்.

அத்தை, 8:47
கோடு அவள் வீட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது மதினி.

சிங்கப்பூர் அண்ணன், 8:50
😶

அம்மா, 8:52
நான் வாய் திறக்கவில்லை.

அத்தை, 8:55
நான் தினம் காலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று பார்க்கிறேன். பின்னால் சீட் அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்? அப்பா வேண்டாம் என்கிறார்.

சைக்கிள் மாமா, 9:01
வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த சீட்டு நிற்கிற கம்பியைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் வீடு நம் பள்ளிக்கு எதிர்த்திசை வேறு. நீ போய், திரும்பி வந்து, பள்ளிக்குப் போய்... முன்பு நடந்ததை விடச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பாயா?

அத்தை, 9:02
எழுந்திருப்பேன்.

அம்மாச்சி (பொடியன் தட்டுகிறான்), 9:04
இது நான் சொல்வது, அப்பத்தா இல்லை: எழுந்திருக்க மாட்டாள்.

சைக்கிள் மாமா, மாலை 4:36
(படம்)
கடை மூலையில் ஒரு பழைய சைக்கா வண்டி கிடந்தது இல்லையா, பக்கத்தில் ஆள் உட்கார இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, ரங்கூனில் ஓடியது. அந்த இருக்கையைத் தாங்குகிற கம்பி ரெண்டை அறுத்தேன், சீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். என் மேலேயே சோதனை செய்து பார்த்தேன். என்னைத் தாங்கினால் அந்த ஒல்லிப் பொண்ணைத் தாங்காதா?

அம்மா, 4:40
உன்னைத் தாங்கியதா? அப்படியானால் யானையைத் தாங்கும்.

சைக்கிள் மாமா, 4:52
இன்னொரு செய்தி. மத்தியானம் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பியிருந்தார். இன்னும் பதினொரு சைக்கிள்கள், பெடல் ஆடுகிறது, பிரேக் பிடிக்கவில்லை, மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பீர்களா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அத்தை, 4:53
கூலி எவ்வளவு என்று கேட்டீர்களா?

சைக்கிள் மாமா, 4:58
கேட்க மறந்துவிட்டேன்.

அத்தை, 4:58
மறந்துவிட்டீர்கள்.

சைக்கிள் மாமா, 5:01
மோஹிங்கா கொடுத்தார்கள், மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். ரெண்டு கிண்ணம்.

சென்னை சித்தப்பா, 5:15
மச்சான், பிரேக் கட்டை, பெடல் ரப்பர் எல்லாம் இங்கே மூர்மார்க்கெட் பக்கம் மொத்த விலைக்குக் கிடைக்கும். அளவு எழுதி அனுப்புங்கள். தை மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் அங்கே வருகிறார், கொடுத்துவிடுகிறேன். சந்தேகம் சந்தேகம்தான், அது வேறு.

திங்கள், 8 ஜூலை

அத்தை, காலை 6:05
எழுந்துவிட்டாள்.

அத்தை, 7:48
(படம்)
ரெண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்தவள் குடை பிடிக்கிறாள். கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்காக் கட்டைச் சாந்து எல்லாம் மழையில் கரைந்துவிட்டது.

நான், 7:50
சின்னவளின் கால் சுத்தமாக இருக்கிறதே!

சிங்கப்பூர் அண்ணன், 8:10
தீபாவளிக்கு வருகிறேன். பாப்பா, உனக்கு என்ன வேண்டும்?

அத்தை, மாலை 4:20
அத்தான், மணி. இதில் இருப்பது அடிக்க மாட்டேன் என்கிறது. மாட்டுக்கெல்லாம் வாயால் கத்திக்கொண்டு போகிறோம்.

சைக்கிள் மாமா, 4:22
மணி என் கடையிலேயே இருக்கிறது, இன்றைக்கே மாட்டுகிறேன். மாப்பிள்ளை, நீ அந்த நட்டைத் திறக்கிற சாவி வாங்கி வா. ரெண்டாக வாங்கு, ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைக்கலாம்.