'நன்றி' என்று போட்டால் போதுமா? தீயரண் தமிழாக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் தீயரண் (firewall, வலையமைப்பைக் காக்கும் மென்பொருள்) தமிழாக்கத்தில் ஒரே ஒரு மெனு இன்னும் இழுபறியாக இருக்கிறது. நிரல் எழுதியவர்கள் பெயரும் உரிம வாசகமும் வருகிற பக்கத்துக்கு 'நன்றி' என்று போட்டு வைத்திருக்கிறோம். (தீயரணா, தீச்சுவரா என்ற பஞ்சாயத்தைத் தயவுசெய்து மறுபடி கிளப்ப வேண்டாம்.)

'நன்றி' சரிப்படாது என்பது என் கட்சி. நன்றி சொல்வது நம் விருப்பம். விட்டுப்போனால் மனக்குறை, அவ்வளவுதான். பிஎஸ்டி (BSD) என்கிற திறந்தமூல உரிமத்தில் இருப்பதோ நிபந்தனை. விற்கலாம், மாற்றலாம், மாற்றியதைக் காட்டாமலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதிப்புரிமை வரி, நிபந்தனைகள், பொறுப்புத்துறப்பு மூன்றும் மூலநிரலோடு அப்படியே போக வேண்டும். மூலநிரல் இல்லாமல் ஓடத் தயாரான இயங்குநிரலாகக் கொடுத்தால் கூடவரும் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

சில வருஷம் முன்பு கோவையில் ஓர் அலுவலகத்துக்கு நெட்வொர்க் வேலையாகப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய தீயரண் பெட்டி, மேலே பளபளவென்று ஸ்டிக்கர். உள்ளே போய் ஒரு பிஎச்பி கோப்பைத் திறந்தால் எல்லாம் பழகிய நிரல். தலையில் இருக்க வேண்டிய இருபது முப்பது வரி மட்டும் காணோம். வேறொரு கோப்பில் வெட்டியவருக்குக் கை தவறியிருக்கிறது. பொறுப்புத்துறப்பின் கடைசி அரை வாக்கியம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, யார் எதற்குப் பொறுப்பில்லை என்றே தெரியாமல்.

வெட்டுப்பட்ட அந்த வரிகளில் இருப்பது வெறும் பெயரல்ல, வம்சாவளி. 2003இல் மானுவேல் காஸ்பர் வெளியிட்டது மோனோவால் (m0n0wall) என்ற தீயரண். அதிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, அதிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ். இன்றைக்கும் அதன் பல கோப்புகளின் தலையில் காஸ்பர் பெயர் இருக்கிறது.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்று யோசித்தபோது நன்னூல் ஞாபகம் வந்தது. சிறப்புப்பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று எட்டை அடுக்குகிறார் பவணந்தியார். முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. யார் செய்தது, எதிலிருந்து வந்தது. ஒரு நிரல்கோப்பின் தலைப்பு வரிகள் செய்கிற வேலை இதேதான். முதல்நூலைத் தழுவி, வேண்டிய மாற்றம் செய்வது வழிநூல் என்கிறாரே, அது பிரிந்துபோன திட்டத்துக்குக் கச்சிதம். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அந்தப் பாசமும் கொஞ்சம் உண்டு.

ஆகவே, கோப்பின் தலையில் வருவது 'பாயிரக் குறிப்பு', மெனுவில் 'பாயிரம்'. நன்கொடை தந்தவர்கள், சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் 'நன்றி'யிலேயே இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து

*

> மெனுவில் 'பாயிரம்'

ஏனுங்க, எங்க ஆபீஸ் பையன் இதைப் பார்த்தால் என்னவோ பீடிகை போடுகிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவான். கோயில் டியூப்லைட்டைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 'உபயம்' என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே?

அப்புறம் இன்னொன்று. இங்கே பனியன் கழுத்தில் பிராண்டு லேபிள்தான் இருக்கிறது, தைத்தவர் பெயரா இருக்கிறது? பெயர் போட்டாலே பெரிய விஷயம், கூடவே உரிம வாசகமும் எதுக்குங்க?

திருப்பூரிலிருந்து

*

உபயத்தை நானும் யோசித்தேன். கொடுத்தவர் பெயர் பெயிண்டில் பெரிதாகி வெளிச்சத்தையே மறைத்த டியூப்லைட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய பிஎஸ்டி உரிமத்தில் அப்படி ஒரு விதி இருந்தது: மென்பொருளைப் பற்றி விளம்பரம் செய்தால் அதிலும் எழுதியவர் பெயரைப் போட வேண்டும். ஆளாளுக்குத் தங்கள் பெயரை வைத்து அதே விதியை எழுத, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 1997 பதிப்பு ஒன்றில் அப்படி 75 வாக்கியங்களை எண்ணினார் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன். அந்த உரிமத்தை முதலில் எழுதிய பெர்க்லி பல்கலைக்கழகமே 1999இல் அந்த விதியை எடுத்துவிட்டது. உபயம் என்றால் அந்த விதிதான் திரும்ப வந்து நிற்கும்.

வாசகம் எதுக்கு என்பதற்கு நாம் தினமும் பார்க்கிற பிஎஃப்பே (pf, தீயரணுக்குள் பொட்டலங்களை வடிகட்டும் நிரல்) பதில். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் முதலில் அந்த வேலைக்கு ஓடியது டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டர். அவர் பெயர் இருந்தது, பயன்படுத்தவும் பரப்பவும் அனுமதி இருந்தது. மாற்றலாம் என்ற சொல் மட்டும் இல்லை. 2001இல் அவர் அதைத் தெளிவாகச் சொல்லவும், ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் மொத்தத்தையும் கழற்றி வெளியே வைத்தார்கள். டேனியல் ஹார்ட்மையர் புதிதாக எழுதிய பிஎஃப், அந்த வருஷ டிசம்பரிலேயே ஓபன்பிஎஸ்டி 3.0இல் வந்தது. ஒரு வினைச்சொல் இல்லாததால் ஒரு தீயரண் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனியன் லேபிளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆபீஸ் பையனுக்காக 'ஆக்கியோரும் வழியும்' என்று மெனுவில் போடலாமா? நிரலுக்குள் 'பாயிரக் குறிப்பு' இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து

*

'ஆக்கியோரும் வழியும்' படித்தவுடன் புரிகிறது, சரிங்க. கோப்பில் மாற்றிவிட்டேன். அப்படியே 'நன்றி' பக்கத்தில் மொழிபெயர்த்தோர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். என் பெயரில் ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பதிப்பாக லகரம் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து