ஏதென்ஸ் வாக்களித்ததா, சீட்டுக் குலுக்கியதா?

பழுப்பேடு:
"நாம் இன்று வாக்குச்சாவடி வரிசையில் நிற்பதே ஏதென்ஸ் நமக்குத் தந்த கொடை" என்று வழிப்போக்கன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. கி.மு. 508-ஐ ஒட்டி ஏதென்ஸ் தலைவர் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் 10 குலங்களாகப் பிரித்ததன் மேல் எழுந்த 500 பேர் அவை, குலத்துக்கு 50 பேராகத் திருவுளச்சீட்டினால் நிரப்பப்பட்டது; கி.மு. 487 முதல் ஆர்க்கான்கள் எனப்பட்ட உயர் அதிகாரிகளையும் சீட்டே தீர்மானித்தது. சீட்டு மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று கருதப்பட்டதை அரிஸ்டாட்டிலே பதிவுசெய்திருக்கிறார். வாக்குச்சாவடிக்கு முன்னோர் வேண்டுமென்றால் ரோமில் தேடுங்கள்.

வழிப்போக்கன்:
பழுப்பேடு அவர்கள் வழக்கம்போல் பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பாடம் நடத்துகிறார். ஆண்டுதோறும் 10 படைத்தலைவர்களை ஏதென்ஸ் மக்கள் கைதூக்கித்தானே தேர்ந்தெடுத்தார்கள்? அவர்களில் புகழ்பெற்ற பெரிக்ளீஸ் திரும்பத் திரும்பப் பதவிக்கு வந்தது எந்தச் சீட்டினால்?

பழுப்பேடு:
போர்க்களத்துக்குத் திறமை வேண்டும் என்பதால் வைத்த விதிவிலக்கை விதியாக்காதீர்கள். அவையும் சீட்டு, நீதிமன்றத்துக்கான 6000 பேரும் சீட்டு. அதற்கென்றே துளை வரிசைகள் வெட்டிய கற்பலகை இருந்தது. அதன் உடைந்த துண்டுகள் இன்றும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போன மாதம் ஜூலியஸ் சீசரை ரோமின் முதல் பேரரசர் என்று தவறாக எழுதிவிட்டுத் திருத்தாமலே போனவரிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

வழிப்போக்கன்:
சீசரை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? பெரிக்ளீஸ் சீட்டினால் வந்தாரா, இல்லையா?

எழிலரசி:
வாக்கோ சீட்டோ, பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இரண்டிலுமே இடமில்லை என்பதை இருவரும் வசதியாகத் தாண்டிப் போகிறீர்கள். தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று கி.மு. 451-இல் சட்டம் கொண்டுவந்தவரே உங்கள் பெரிக்ளீஸ்தான். மிலேட்டஸ் ஊரைச் சேர்ந்த அஸ்பாசியாவிடம் பிறந்த மகனுக்காகப் பின்னாளில் அவரே விலக்குக் கேட்க நேர்ந்தது.

பழுப்பேடு:
அது தனியாகப் பேச வேண்டிய பொருள், அம்மா. ரோமுக்கு வருகிறேன். அங்கே ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளர்கள், இருவரும் தேர்தலில் வந்தவர்கள், கி.மு. 139-இல் தேர்தலுக்கு ரகசிய வாக்கும் வந்துவிட்டது. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787-இல் எழுதத் தொடங்கியவர்கள் பப்ளியஸ் என்ற ரோமானியப் பெயரில் ஒளிந்துகொண்டார்களே தவிர, ஏதென்ஸ்காரர் எவரையும் நாடவில்லை. மேல்சபைக்கு செனட் என்று பெயர் வந்ததும் ஏதென்ஸிலிருந்து அல்ல.

அரைகுறை:
ரோமைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதற்குமுன் கணக்கைப் பாருங்கள், ஐயா. அங்கிருந்த, தலைக்கு ஒரு வாக்கு என்றில்லாமல் தொகுதிக்கு ஒரு வாக்கு என்று எண்ணிய, 193 வாக்குத் தொகுதிகளில், பழைய ஏற்பாட்டின்படி, குதிரைவீரர்களுக்கு 18, பெருஞ்செல்வர்களின் முதல் வகுப்புக்கு 80. ஆக 98, பாதிக்கும் மேல். பெரும்பான்மை எட்டியதும் எண்ணிக்கை நின்றுவிடும். ஏழைகளின் முறை வருவதற்குள் கடை மூடிவிடும்.

பழுப்பேடு:
மிக்க நன்றி. தேர்தல் என்பது செல்வர்களின் கருவி என்று நான் முதல் பதிவிலேயே சொன்னதைத்தான் நீங்கள் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள்.

அரைகுறை:
நான் உங்களை மறுத்து எழுதினேன். அதுகூடப் புரியவில்லையா?

வழிப்போக்கன்:
அவருக்கு மறுப்பும் மாலைதான். பெரிக்ளீஸ் பற்றிய கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பழுப்பேடு:
பெரிக்ளீஸ், பெரிக்ளீஸ்! சரி, கேளுங்கள். கி.மு. 406-இல் ஆர்கினுசே கடற்போரில் வென்ற படைத்தலைவர்கள், புயலில் சிக்கிய தம் வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டபோது, அனைவருக்கும் ஒரே வாக்கில் தீர்ப்புச் சொல்வது சட்டவிரோதம் என்று மறுத்து நின்றவர் சாக்ரட்டீஸ். அவர் அந்த ஆண்டு அவையில் அமர்ந்தது சீட்டினால். ஆத்திரத்தில் கைதூக்கிய கூட்டம் ஆறு பேரைக் கொன்றது. அந்த ஆறு பேரில் எழிலரசி குறிப்பிட்ட அதே மகனும் ஒருவன். சீட்டு அனுப்பியவருக்கு அன்று நிதானம் இருந்தது, வாக்களித்த கூட்டத்துக்கு இல்லை.

வழிப்போக்கன்:
அந்த ஆறு பேரும் வாக்கினால் பதவிக்கு வந்தவர்கள் என்று கடைசியில் உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

பழுப்பேடு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விதிவிலக்கு என்று இரண்டாம் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் படியுங்கள். சீசர் பதிவையும் அப்படியே திருத்திவிடுங்கள்.