தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் நல்ல விடுதி தெரியுமா?

வணக்கம். டர்பனில் எங்கள் கம்பெனி மேலாளர்கள் 14 பேரை இரண்டு நாள் வெளியே அழைத்துப்போய்ப் பேச வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருடம் ஹோட்டல் ஹாலில் ஸ்லைடு ஓட்டினோம், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இந்த முறை அந்த மலையில் இருக்கிற ராயல் நேட்டால் பூங்கா பக்கம் நடந்துகொண்டே பேசலாமே என்று எனக்கு ஆசை. அங்கே இருக்கிற துகேலா அருவி 900 மீட்டருக்கு மேல் உயரம். மழைக்கு முன் தண்ணீர் மெலிந்துதான் இருக்கும், பரவாயில்லை.

சிக்கல் சாப்பாட்டில். போவது செப்டம்பர் கடைசி, அதாவது புரட்டாசி. 6 பேர் கவிச்சி தொடமாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருகிற, இல்லையென்றால் நம்மையே சமைக்க விடுகிற விடுதி வேண்டும். ஒருவருக்கு முழங்கால் வலி, அதனால் ஏற்றமில்லாத பாதையும் வேண்டும். சிக்னல் கிடைக்காத இடமென்றால் இன்னும் நல்லது (முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்!). போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.