27 நிமிட வீடியோ யூடியூப்பில் ஏறவில்லை: அப்பப்பாவின் அம்பாப் பாட்டு, உதவி தேவை

சல்லிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை சல்லிப் பக்கம் எங்கள் வீடு. அப்பப்பா இளமையில் கரைவலை (கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை) இழுத்தவர். போன வாரம் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களோடு அவரும் கயிற்றில் கை வைத்து வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டார். கடைசி 27 நிமிடத்தையும் நிறுத்தாமல் போனில் எடுத்தேன். பல அடிகளை அவர் மறந்துவிட்டார். மூதூர், கிண்ணியாப் பக்கம் வலை இழுத்த பெரியவர்கள் யாராவது கேட்டால், விட்ட அடிகளைக் கொமன்டில் எழுதுவார்கள் என்ற எண்ணத்தில்தான் புதிதாகச் சனல் திறந்தேன்.

இரவு முழுக்க அப்லோட் ஆகி, காலையில் பார்த்தால் ‘வீடியோ மிக நீளம்’ என்று நீக்கியிருக்கிறது. 3 ஜிபிக்கும் மேல் டேட்டா போய்விட்டது. என்ன செய்யலாம்?

உப்புவெளி:
புதுச் சனலுக்கு 15 நிமிடம்தான் எல்லை. இரண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள், வேலை முடிந்தது.

சல்லிக்கரை:
வெட்ட மனம் வரவில்லை அண்ணா. தொடக்கத்தில் இழுவை மெதுவாக இருக்கிறது, பாட்டும் மெதுவாகப் போகிறது. மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வர இரண்டும் வேகமாகின்றன. நடுவில் அறுத்தால் அது தெரியாமல் போய்விடும்.

நிலாவெளி அக்கா:
வெட்ட வேண்டாம் தம்பி. தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தினால் அந்த எல்லை போய்விடும். யூடியூப் ஸ்டூடியோவை உலாவியில் திறந்து, செட்டிங்ஸில் சனல் பகுதிக்குப் போங்கள். அங்கே ‘ஃபீச்சர் எலிஜிபிலிட்டி’ என்று ஒன்று இருக்கும். அதில் நாட்டை இலங்கை என்று தெரிவு செய்து எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் குறியீடு வரும். அதைப் பதிந்துவிட்டால் 12 மணிநேரம் அல்லது 256 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதுவரைக்கும் ஒரே வீடியோவாக ஏற்றலாம். முகப்புப் படத்தை நீங்களே வைக்கும் வசதியும் அதோடு திறக்கும். அப்பப்பா கயிற்றோடு நிற்கும் படம் ஒன்றை வையுங்கள்.

நீக்கப்பட்ட வீடியோ தானாகத் திரும்பி வராது, மறுபடி ஏற்றத்தான் வேண்டும். இரவு டேட்டா இருக்கிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். போனில் உள்ள மூலப் பிரதியை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதை இன்றைக்கே வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள், பாட்டுப் போனால் போனதுதான்.

சல்லிக்கரை:
நன்றி அக்கா. ஆனால் குறியீடு வரவில்லை. இந்த எண் ஏற்கெனவே கூடுதலான சனல்களுக்குப் பயன்பட்டுவிட்டது என்கிறது. தம்பி என் எண்ணைக் கொடுத்து இந்த வருடம் இரண்டு விளையாட்டுச் சனல் திறந்தவன்.

நிலாவெளி அக்கா:
அதுதான் காரணம். ஓர் எண்ணை வருடத்துக்கு 2 சனலுக்குத்தான் கொடுக்கலாம். அப்பாவின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எண் யாருடையதாக இருந்தாலும் சனல் உங்கள் கணக்கில்தான் இருக்கும்.

சல்லிக்கரை:
அப்பாவின் எண்ணுக்கு உடனே வந்தது! நேற்றிரவு முழு வீடியோவும் ஏறிவிட்டது. ஆனால் இரண்டு குறை. படம் மங்கலாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய கவலை, கொமன்ட் பெட்டி மூடிக் கிடக்கிறது. கொமன்டுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.

உப்புவெளி:
மங்கல் தானாகச் சரியாகும். முதலில் தரம் குறைந்த பிரதியைத்தான் காட்டும், கொஞ்ச நேரத்தில் எச்டி வரும். கொமன்ட் விடயத்தில், ‘இது சிறுவர்களுக்காக உருவாக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு என்ன பதில் கொடுத்தீர்கள்?

சல்லிக்கரை:
ஆம் என்று கொடுத்தேன். அக்காவின் மகன் வரிசையின் வாலில் நின்று கயிறு இழுக்கிறான், அதனால்.

உப்புவெளி:
அங்கேதான் பிழை. வீடியோவில் சிறுவர் இருக்கிறார்களா என்று கேட்கவில்லை, யார் பார்ப்பதற்காக எடுத்தது என்றுதான் கேட்கிறார்கள். சிறுவர்களுக்கானது என்று குறித்தால் கொமன்ட் வேலை செய்யாது. 2020 ஜனவரியிலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. வீடியோவின் விபரப் பக்கத்தில் ‘இல்லை’ என்று மாற்றிச் சேமியுங்கள், மறுபடி ஏற்றத் தேவையில்லை. அதற்குப் பிறகும் மூடியிருந்தால், அதே பக்கத்தின் கீழே கொமன்டுக்கென்று தனித் தெரிவு இருக்கிறது, அதைப் பாருங்கள். முன்பு வெட்டச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொன்ன காரணம் சரியானது.

கிண்ணியாப் பாலம்:
தம்பி, என் வாப்பாவும் கரைவலைக்காரர்தான். வீடியோ வந்ததும் அவருக்குக் காட்டுகிறேன். ஒன்று சொல்ல வேண்டும்: சத்தம் எப்படி? கச்சான் காற்றில் போன் மைக் இரைச்சலை மட்டும்தான் பிடிக்கும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அடித்தொனி இரைச்சலைக் குறைக்கலாம், ஆனால் கூடுதலாகக் குறைத்தால் குரலும் தகரம்போல் ஆகிவிடும். அடுத்த முறை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இன்னொரு போனில் குரலைத் தனியாகப் பதிவு செய்ய ஒருவரை அவர் பக்கத்திலேயே நடக்கவிடுங்கள். மைக் துளையின் மேல் மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டு ஒட்டினாலே பாதி இரைச்சல் போய்விடும். பின்னணிக்குச் சினிமாப் பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம், பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

அதோடு தலைப்பிலும் விபரத்திலும் அம்பா, கரைவலை, திருகோணமலை என்று தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

சல்லிக்கரை:
மாற்றினேன், கொமன்ட் பெட்டி திறந்துவிட்டது. இப்போதைக்கு ‘அன்லிஸ்டெட்’ (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்) என்று வைத்து, இணைப்பை வீட்டாருக்கு மட்டும் அனுப்பினேன். அப்பப்பா போனைக் காதோடு வைத்துக் கேட்டார். 19ஆவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தில் விட்ட அடியை அவரே சொன்னார். அதை விபரத்தில் எழுதிவிட்டேன். இன்னும் நான்கு இடம் மிச்சம், நேரத்தைக் குறித்திருக்கிறேன். நாளைக்குப் பொதுவாக்குகிறேன். கிண்ணியா அண்ணா, முதலில் உங்கள் வாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.