விச்சிட்டாவிலிருந்து வீடு வரை: மருமகன் வாங்கிய பழைய செஸ்னா

இரத்மலானையில் முப்பது வருடம் விமானங்களுக்கு ஸ்பானர் பிடித்தவன் நான். இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஓய்வாக இருக்கிறேன். சென்ற வருடம் ஜூன் மாதத்தில், இரவு பத்து மணிக்குக் கலிபோர்னியாவிலிருந்து அக்காவின் மகன் அழைத்தான். "மாமா, ஏசாதீர்கள். ஒரு விமானம் வாங்கிவிட்டேன்."

1978 ஆம் ஆண்டுச் செஸ்னா 172. நான்கு இருக்கை, 160 குதிரைவலு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் விற்பனைக்கு நின்றிருக்கிறது. அங்கிருந்து அவன் வீட்டுக்கு நேர்கோட்டில் சுமார் 1,000 கடல் மைல். அவனுக்கோ நேர்கோடு வேண்டாம். மொனுமென்ட் வேலியின் செம்பாறைகளையும் கிராண்ட் கேன்யனையும் பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம்.

காலி வீதியில் ஓர் அச்சுக்கடையில் வரைபடங்களை எடுத்து, ஒட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். இரண்டு கிழமை நாங்கள் மடியில் கோப்பை வைத்துத்தான் சாப்பிட்டோம். மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்தப் பக்கத்து உயரங்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. நம் பிதுருதலாகல 8,281 அடி. நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்பகர்க்கி நகருக்குக் கிழக்கே நிற்கும் சாண்டியா மலையோ 10,678 அடி. சிறிய விமானத்தில் போகிறவர்கள் அதன் மேலே ஏற மெனக்கெடுவதில்லை. தெற்கே உள்ள மலை இடைவெளியால், நெடுஞ்சாலையைக் கீழே பார்த்தபடி நுழைந்து போய்விடுவார்கள். காற்று பலமாக வீசும் நாளில் அதுவும் வேண்டாம் என்றேன்.

நாங்கள் சண்டை பிடித்தது, கேன்யனுக்குத் தெற்கே உள்ள பிளாக்ஸ்டாப் என்ற ஊருக்காக. கேன்யன் பார்த்துவிட்டு அங்கே இறங்கி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்புவது அவன் திட்டம். கூடவே இரண்டு நண்பர்கள். அந்த ஓடுபாதையே 7,014 அடியில், நுவரெலியா நகரைவிட உயரத்தில் இருக்கிறது. சி.ஆர். கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த உயரத்தில் இயல்பான வெப்பநிலை 1 பாகை. ஜூலை மாதப் பிற்பகலில் 29 இருக்கலாம். 28 பாகை கூடுதல். சூடான காற்று மெலிந்திருக்கும், மேலே ஏறியது மாதிரி. அதற்காகப் பாகைக்கு ஏறத்தாழ 120 அடி சேர்த்தால் 3,360. ஆக, விமானத்தைப் பொறுத்தவரை அது 10,400 அடி உயரத்துக் காற்று. கடல்மட்டத்தில் 160 குதிரை இழுக்கிற எஞ்சினுக்கு அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலு குறைந்துவிடும். மிச்ச வலுவோடு மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு மேலெழ வேண்டும். கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு, "நண்பர்களைக் காரில் வரச் சொல்கிறேன், மாமா."

வாங்கிய விமானம் புதுச் சம்பந்தி மாதிரி. குணம் தெரியும்வரை அதிகம் நம்பக் கூடாது. முதல் பாய்ச்சல் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டட்டும், இறங்கியதும் எரிபொருள் தாங்கிக்குள் குச்சியை விட்டு அளந்து பார் என்று சொல்லியிருந்தேன். டாட்ஜ் சிட்டியில் இறங்கி அளந்தான். பத்து கேலன் போயிருக்க வேண்டிய இடத்தில் பதினேழு போயிருந்தது. எஞ்சின்தான் குடிக்கிறது என்று பயந்துபோய் அழைத்தான். எஞ்சினை விடு, இறக்கையின் மேற்பரப்பைப் படம் எடுத்து அனுப்பு என்றேன்.

படத்தில் இருந்தது: வெள்ளை இறக்கை, வலப்பக்க எரிபொருள் தாங்கியின் மூடிக்குப் பின்னால், பின்விளிம்பு வரை இழுபட்ட மெல்லிய நீலக் கோடு, பள்ளிக்கூடச் சட்டையில் மை சிந்தியதைப் போல. அந்த விமானப் பெற்றோலுக்கு நீல நிறம் சேர்ப்பார்கள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் பெற்றோலை அது உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். வாங்குமுன் பார்த்த மெக்கானிக் எஞ்சினைக் குடைந்து குடைந்து பார்த்தவர், மூடியைத் திறந்து மூடியதோடு சரி. சில டொலர் வளையம், ஒரு நாள் தாமதம்.

மிச்சப் பயணம் சுகமாகவே போனது. பேஜ் என்ற ஊரில் தங்கி, விடிந்தவுடன் கிளம்பி, கேன்யனுக்கு மேலே தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு விதித்திருக்கும் 10,500 அடியில் கடந்திருக்கிறான். நினைத்த இடத்தில் குறுக்கே போக அங்கே அனுமதி இல்லை. குறித்த வழித்தடங்கள் உண்டு. பிளாக்ஸ்டாப்பில் இறங்காமல், காலையிலேயே பிரெஸ்கட்டில் எரிபொருள் நிரப்பிக்கொண்டான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்:

ஐயா, நான் இரத்மலானையில் பறக்கப் பழகியவன். நம் ஊரில் மலை உயரத்தைவிட ஈரம்தான் எதிரி. ஒருநாள் பொல்கொட ஏரிக்கு மேலே இறங்குவதற்காக வலுவைக் குறைத்தேன். வெளியே 27 பாகை வெயில். எஞ்சின் நடுங்கியது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி! அதற்குள் சூடான காற்றை விடும் குமிழை இழுத்தேன். சத்தம் இன்னும் மோசமானது. குமிழைத் திரும்பத் தள்ளிவிடத்தான் கை போனது. ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உருகிய தண்ணீரை எஞ்சின் இருமித் துப்பி முடிக்கப் பத்து விநாடி ஆகியிருக்கும்; எனக்கு அது ஒரு யுகம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்:

என் தம்பி மெல்பேணில் இதே வகை விமானம் வைத்திருக்கிறான். நானும் அம்மாவும் போயிருந்தபோது ஏறுமுன் தராசு கொண்டுவந்தான். பைகளை நிறுத்தான், சரி. பிறகு எங்களையும் ஏறச் சொன்னான். அம்மா ஏறவே மாட்டேன் என்றுவிட்டார். பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு 120 இறாத்தல்தான் எல்லை என்று அவன் விளக்க, அம்மா முறுக்கு டின்னை இறக்கிவைத்து, "இது என் எடையில் சேராது" என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும் நான்:

கொட்டாஞ்சேனைத் தம்பியின் பதிவை மருமகனுக்கு அனுப்பினேன். அரிசோனாவின் வறண்ட காற்றையே நினைத்துக்கொண்டிருந்ததில், பனிக்கட்டியைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலை பதில் வந்திருக்கிறது: "கடைசி நாள், கடற்கரைப் பக்கம் இறங்கும்போது எஞ்சின் ஒருமுறை இருமியது, மாமா. நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை."