நடன ஒத்திகைப் படங்கள்: வேகம் கூட்டினால் சிலை, குறைத்தால் கலங்கல்

புதுலென்ஸ் கேட்டது:

வணக்கம். கேமரா கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என் தங்கை ஒரு நடனக் குழுவில் இருக்கிறாள். அவர்கள் ஒத்திகை பார்க்கும் கூடத்தில் உட்கார்ந்து படம் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மேடை விளக்கு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் வரிசையாக ஜன்னல்கள், மேலே எல்இடி குழல் விளக்குகள், அவ்வளவுதான். என்னிடம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸும், தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன.

ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் எல்லாரும் சிலையாக நிற்கிறார்கள். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 6400-க்குப் போய் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. சரி என்று 1/10-க்கு இறங்கினால் யார் எவர் என்றே தெரியாத அளவுக்குக் கலங்கல். நடுவில் 1/125 வைத்துப் பார்த்தேன். விரல்களில் மட்டும் லேசான கலங்கல் வருகிறது, பார்ப்பவர்கள் ஃபோகஸ் போயிடுச்சா என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. மாலையில் கடைசி அரை மணி நேரம் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே ஆடுவார்கள். அப்போது கூடத்தின் தன்மையே மாறிவிடும். படத்தில் பார்த்தால் மதியம் எடுத்தது போல இருக்கிறது. எடிட்டிங்கில் இருட்டாக்கினால் அழுக்காகத்தான் தெரிகிறது.

லென்ஸ் மாற்ற வேண்டுமா? ட்ரைபாட் வாங்க வேண்டுமா? எந்த செட்டிங் என்று சொன்னால் அப்படியே வைத்துக்கொள்வேன்.

அரையிருள் எழுதியது:

லென்ஸ் இரண்டும் போதும். செட்டிங்கை அப்படியே வைத்துக்கொள்ளும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆட்டோவில் இருக்கும் கேமராவுக்கு மூன்று பிடிவாதங்கள் உண்டு. எதுவும் ஆடியதாகத் தெரியக் கூடாது, வெளிச்சம் நடுத்தரமாக இருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும். முதலாவதை மீறாமல் உங்களுக்கு அசைவு கிடைக்காது. மற்ற இரண்டையும் மீறாமல் அந்த மாலை கிடைக்காது. அதனால் உங்கள் இரண்டு கேள்விகளையும் நான் ஒன்றாகவே பார்க்கிறேன்.

முதலில் அந்த 1/10 படங்களில் ஒன்றைத் திறந்து ஜன்னல் சட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டமும் கலங்கியிருந்தால் ஆடியது நடனக்காரர் மட்டுமல்ல, நீங்களும்தான். பின்னணி கூர்மையாக நின்று ஆள் மட்டும் ஓடினால்தான் பார்ப்பவருக்கு அது அசைவாகப் படும். எல்லாமே ஓடினால் கோளாறாகத்தான் படும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தது ஒன்றின் கீழ் லென்ஸின் எம்எம் எண் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது என்று நினைக்கிறேன், அப்படியானால் 50 எம்எம்முக்கு 1/80 வேண்டும், 18 எம்எம்முக்கு 1/30 போதும். ஆகவே வேகத்தைக் குறைக்கும்போது 18-55-ஐ அகலப் பக்கம் வைத்துக்கொண்டு அருகில் போங்கள். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், எதிரில் ஆடுபவரை அது ஒன்றும் செய்யாது. உங்கள் வேலைக்கு அதுதான் வசதி. ட்ரைபாட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது நாற்காலி முதுகில் கேமராவைச் சாய்த்து வையுங்கள். தாழ்ந்த கோணம் நடனத்துக்கு எப்போதுமே அழகு, அது இலவசமாகக் கிடைக்கும்.

அடுத்தது ஆள். உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஒரு காலில் எடையைத் தாங்கிக்கொண்டு கையை வீசும்போது அந்தக் கால் கிட்டத்தட்ட அசையாது. குதிப்பின் உச்சியில் உடம்பு ஒரு கணம் மேலேயும் போகாது, கீழேயும் வராது. சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க, பயிற்சி பெற்றவர்கள் பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தி, உடம்பு முக்கால்வாசி திரும்பிய பிறகு தலையைச் சட்டென்று சுழற்றி மறுபடி அதே புள்ளிக்குக் கொண்டுவருவார்கள். தலை அசையாமல் நிற்கும் அந்த இடைவெளியில் 1/15 கொடுத்தால் முகம் தெளிவாகவும் உடை முழுவதும் வளையமாகவும் வரும். எல்லா முறையும் வராது. பத்தில் ஒன்று வந்தாலே எனக்குத் திருப்தி.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. கை எங்கோ கிளம்பி எங்கோ வந்து நிற்கும் இல்லையா, நிற்பதற்குச் சற்று முன்னால் ஷட்டரை அழுத்துங்கள், 1/8-ல். வந்த வழி புகையாகவும், வந்து சேர்ந்த கை உருவத்தோடும் பதியும். இதற்கு அந்த நடனம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். ஒத்திகையில் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள், மேடையில் இந்த வசதி கிடைக்காது. முதல் சில முறை கேமராவைத் தொடாமல் பாருங்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று மட்டும்.

எல்லாரும் ஆடும்போது ஒருவர் தன் முறைக்காக ஓரமாக நின்றுகொண்டிருப்பார். அவர் மேல் ஃபோகஸ் வைத்து அரை நொடி, ஒரு நொடி என்று கொடுத்துப் பாருங்கள், இதற்கு மட்டும் ட்ரைபாட் கட்டாயம். புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. 1838-ல் புகைப்பட முன்னோடி டாகர் பாரிஸில் ஒரு பெரிய சாலையை மேலிருந்து எடுத்தார். பதிவாகப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் வண்டிகளும் நடந்துபோனவர்களும் தட்டில் பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். டாகருக்கு அது தொழில்நுட்பத்தின் வரம்பு. நமக்கு ஷட்டர் டயலில் ஒரு தேர்வு.

1/125 பற்றி: நடனத்துக்கு 1/60-க்கும் 1/200-க்கும் நடுவில் உள்ள எதையும் நான் தொடுவதில்லை. உறையவும் உறையாது, ஓடவும் ஓடாது. கலங்கல் வேண்டுமென்றால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும் அளவுக்கு இருக்கட்டும். 1/30-ல் தொடங்கி 1/15, 1/8 என்று இறங்குங்கள். 1/500-லிருந்து 1/15-க்கு ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்), அதாவது ஏறக்குறைய 32 மடங்கு வெளிச்சம். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, தொடாமலே ஐஎஸ்ஓ 6400-லிருந்து 200-க்கு வந்துவிடும். உங்கள் புள்ளிப் பிரச்சினை அதோடு போய்விடுகிறது.

இனி அந்தக் கடைசி அரை மணி நேரம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு அது மாலை என்று தெரியாது. காட்சி மொத்தமும் நடுத்தர சாம்பல் அளவுக்கு வர வேண்டும் என்றுதான் கணக்குப் போடும், வெளிச்சம் குறைந்தால் இழுத்து ஏற்றிவிடும். அந்தக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் இரண்டு வரை இறக்குங்கள். நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு வெயில் அடையாளத்தில், அதாவது 5500 கெல்வின் பக்கம், நிறுத்துங்கள். சூரியன் இறங்கிய பிறகு ஜன்னல் வழியே வருவது நீலம் கலந்த வெளிச்சம். ஆட்டோ அதை நல்லெண்ணத்தோடு துடைத்து வெள்ளையாக்கிவிடுகிறது. நடைவழியில் மஞ்சள் விளக்கு ஏதாவது எரிந்தால் அதை அணைக்கச் சொல்லாதீர்கள். நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மஞ்சள் இருந்தால் நேரம் என்ன என்று படமே சொல்லிவிடும்.

எடிட்டிங்கில் ஏன் அழுக்காகிறது என்றால், நீங்கள் ஜன்னலையும் சேர்த்து இருட்டாக்குகிறீர்கள். மாலையில் ஜன்னல் பளிச்சென்றுதான் இருக்கும், அறைதான் இருட்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து மற்றதைப் போக விடுங்கள். ஆடுபவர் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்தால் உருவக் கோடு கிடைக்கும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருந்தால் பாதி முகம் கிடைக்கும். முகம் முழுவதும் தெரிய வேண்டும் என்று தங்கை கேட்பாள், அதற்குத் தனியாக விளக்கு வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ரா வடிவத்தில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக, எடுங்கள். நிறத்தைப் பிறகு மாற்றலாம். ஷட்டர் வேகத்தைப் பிறகு மாற்ற முடியாது.

ஓட்டக்களம் எழுதியது:

அரையிருள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் 1/500 என்றாலே சிலை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் ஓட்டப் பந்தயங்கள் எடுப்பவன், என் படங்களில் பாதி 1/1000-க்கு மேல்தான்.

உறைந்த படத்திலும் அசைவு இருக்கும், கணத்தைச் சரியாகப் பிடித்தால். குதித்து உச்சியில் நிற்கும்போது எடுப்பதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். அங்கேதான் அசைவு தீர்ந்துபோகிறது. அதற்குச் சற்று முன்னால் எடுங்கள்: பின்காலின் நுனி இன்னும் தரையை விடவில்லை, உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, முடி பின்னால் நிற்கிறது. விழுந்துவிடுவாரோ என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். அப்புறம், போகிற திசையில் காலி இடம் விடுங்கள்.

கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டுவதும் அசைவைக் காட்டுவதுதான். 1878-ல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையை எடுத்தபோது, நான்கு கால்களும் தரையில் இல்லாத கணம் உண்டு என்று உறுதியானது. அது கால்களை முன்னும் பின்னும் நீட்டிய கணம் அல்ல, வயிற்றுக்கு அடியில் மடக்கிய கணம். ஓவியர்கள் அதுவரை நீட்டித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

குழுவில் யாராவது கூடத்தின் குறுக்கே ஓடும் பகுதி இருந்தால் பேனிங் செய்து பாருங்கள். 1/30. பாதங்களை அவர் வந்து சேரும் பக்கம் வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்புங்கள். அழுத்துவதற்கு முன்பே பின்தொடரத் தொடங்கி, ஷட்டர் மூடிய பிறகும் நிறுத்தாமல் போங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் கோடுகள் விழாது, ஜன்னல் வரிசை பின்னணியில் வரும்படி நில்லுங்கள். ஸ்டெபிலைசரில் பேனிங்குக்கென்று தனி நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், அது மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

கைபேசிக்காரன் எழுதியது:

கேமரா இல்லாதவர்களுக்கும் ஒரு வரி. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ப்ரோ நிலை இருக்கிறது, ஷட்டரை நாமே வைக்கலாம். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றலாம். பெரும்பாலான கைபேசிகளில் அபெர்ச்சர் மாறாது, அதனால் நல்ல வெயிலில் வேகத்தைக் குறைத்தால் படம் வெளுத்துவிடும். மாலையில், நிழலில் முயன்று பாருங்கள். எப்படியானாலும் கைபேசியை எதன் மீதாவது சாய்த்து வையுங்கள்.

புதுலென்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜன்னல் சட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுவும் கலங்கித்தான் இருக்கிறது! நேற்று நாற்காலி மேல் கேமராவை வைத்து 1/15-ல் எடுத்தேன். தரைப் பலகை கோடு கோடாகத் தெளிவாக இருக்கிறது, தங்கையின் கைகள் மட்டும் ஓடுகின்றன. அவளுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓட்டக்களம் சொன்னதற்காக 1/1000-மும் முயன்றேன். சத்தம் கேட்கக் கூடாது என்று சைலன்ட் ஷட்டர் வைத்திருந்தேன். குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. அடுத்தடுத்த படங்களில் அவை இடம் மாறுகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

அரையிருள் எழுதியது:

கேமரா நன்றாக இருக்கிறது. மேலே எரியும் விளக்குகள்தான் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் ஷட்டரில் பெரும்பாலான சென்சார்கள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பதிவு செய்கின்றன. சில வரிசைகள் விளக்கு பிரகாசமாக இருக்கும்போதும் சில மங்கும்போதும் பதிவாவதால்தான் பட்டை.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், பெருமளவு குறையும். மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு 1/100 அல்லது 1/50 வைத்தால் துடிப்பு முழுச் சுற்றாகப் பதிவாகிப் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும், 60 ஹெர்ட்ஸுக்கு 1/120 அல்லது 1/60. 1/15 வரை இறங்கிவிட்டால் பல துடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் கவலையே இல்லை. அந்தப் பக்கமே இருங்கள் என்று சொல்ல இதுவும் எனக்கு ஒரு சாக்கு.

ஓட்டக்களம் எழுதியது:

அல்லது விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பகலில், ஜன்னல் ஓரத்தில் 1/1000 வையுங்கள். 50 எம்எம்மை எஃப் 2-ல் திறந்தால் வெளிச்சம் போதும், பட்டையும் வராது. சைலன்ட் ஷட்டர் மட்டும் வேண்டாம். வேகமாக வீசும் கை அதில் வளைந்து விழும், எலும்பே இல்லாதது போல. தங்கை அதற்கும் உங்களைத்தான் திட்டுவாள்.